அரைச் சுற்று

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்பவர்களிடம் பம்ப் டிசைன் என்று சொல்லி மாட்டிக்கொள்வது என் தலையெழுத்து. பட்டாபிராமில் எங்கள் அடுக்ககத்தில் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். நான் வரைகிற பம்ப் தண்ணீர் இறைக்காது, தண்ணீர் பட்டாலே அதற்கு ஆகாது என்று சொன்னால், வேலை செய்யச் சோம்பல்பட்டுப் புளுகுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். என் கணவர் இதற்கென்றே காத்திருப்பார். "தண்ணி இறைக்காத பம்ப வரையறதுக்கு இவங்களுக்கு ஒரு ஏசி ரூம் சார். நம்ம ஊட்டு மோட்டார் எவ்ளோ மேல்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் சொன்னது உண்மைதான். அணு உலைகளில் ஒரு வகை உண்டு. அதற்குள் பிறக்கும் சூட்டை வெளியே எடுத்து வருவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். பார்க்க வெள்ளியை உருக்கி ஊற்றியது மாதிரி இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். அந்த உலோகத்தைச் சுற்றி வர வைப்பதுதான் எங்கள் பம்பின் வேலை. மோட்டார் மேலே இருக்கும். தள்ளுகிற சக்கரம் கீழே சோடியத்துக்குள் முங்கியிருக்கும். இரண்டையும் இணைத்து இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு ஷாஃப்ட், நீளமான எஃகுத் தண்டு, தொங்கும். அடியில் அதைத் தாங்குகிற பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, சோடியமே இடையில் புகுந்து தாங்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு விசிட்டிங் கார்டின் கனம்தான். ஷாஃப்ட் அவ்வளவு வளைந்தால் போதும், உரச ஆரம்பித்துவிடும். உள்ளே இறக்கிய பிறகு யாரும் எட்டிப் பார்த்துச் சரிசெய்ய முடியாது.

அதனால் எங்களுக்கு ஷாஃப்ட் என்றாலே ஒரு பயம் உண்டு. தொங்கும்போது அது நேராக இருக்கும். படுக்க வைத்தால் தன் கனத்தாலேயே நடுவில் மெல்லத் தொய்யும். பட்டறையில் மாதக்கணக்கில் படுத்திருக்க நேர்ந்தால், தினமும் இரண்டு பேர் பெல்ட் போட்டு அதை அரைச் சுற்று திருப்பி வைப்பார்கள். நேற்றுக் கீழே இருந்த பக்கம் இன்று மேலே வரும். திருப்பியதும் ஒரு தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கிற சிறிய நிறுவனத்தில் அந்த விதியை எழுதியதும் அந்தத் தாளை அடித்துக் கொடுத்ததும் நான்தான்.

இந்த முன்னுரை எதற்கென்றால், என் கணவர் படுத்தபோதும் அதே தாளைத்தான் அடித்தேன்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். மழைக்கால மாலை ஒன்றில் முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் நண்பரைப் பார்க்கப் போனவர், தண்ணீர் நின்ற பள்ளம் தெரியாமல் பைக்கை விட்டார். கழுத்தெலும்பில் அடி. கழுத்துக்குக் கீழே உணர்ச்சியும் போயிற்று, அசைவும் போயிற்று. பேச்சு மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே, "மெதுவா தூக்குங்கப்பா, மேடம் டிராயிங் போட்டு குடுத்துகீறாங்க பாரு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கரையான்சாவடியில் ஒரு கடையிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலும் காற்று மெத்தையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். மேற்குச் சுவரை ஒட்டி அதைப் போட்டோம். தெற்கே தலைமாடு.

"வடக்கால தல வெக்கக் கூடாதும்மா" என்றார் மாமா. மாமா என்றால் அவருடைய அப்பா. அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு எங்களோடு இருந்தார். காந்தம், பூமி என்று வாதாடியிருப்பேன். அன்றைக்கு என்னிடம் தெம்பு இல்லை. கட்டிலுக்குக் கிழக்கே ஓர் ஆள் நிற்க இடம் விட்டு என் கட்டிலைப் போட்டுக்கொண்டேன்.

படுத்தே இருப்பவருக்குச் சதை அழுந்தி அழுந்திப் புண் வரும். வந்தால் ஆறுவது கஷ்டம், உயிருக்கே உலை வைக்கும் என்று ஆஸ்பத்திரியில் பயமுறுத்தித்தான் அனுப்பியிருந்தார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் வழி சொன்னார். பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். காற்று மெத்தை இருப்பதால் இரவு ஒரே பக்கம் விடலாம், ஆனால் இன்றிரவு வலப்பக்கம் என்றால் நாளை இரவு இடப்பக்கம். அதை மட்டும் மறக்கக் கூடாது.

மறக்க முடியாதபடி திட்டம் போட்டேன். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பது வரை மொத்தம் ஒன்பது முறை. ஒற்றைப்படை என்பதால் இரவுப் பக்கம் நாளுக்கு நாள் தானாகவே மாறிவிடும். யாரும் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. காலை ஐந்தும் இரவு ஒன்பதும் எனக்கு. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மாமாவுக்கு. ஆளுக்கொரு தாள்: நேரம், டிக், கையெழுத்து. இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குப் பெருமை வேறு. பட்டறை ஷாஃப்டையும் இவரையும் ஒரே தாளில் காப்பாற்றப் போகிறேன் என்று அவரிடமே பீற்றிக்கொண்டேன். "அதுக்கு டெய்லி ஒரு தபா, எனக்கு ஒம்போது தபா. நான்தான் ஒசத்தி" என்றார்.

ஒருவரைத் திருப்புவது சும்மா இல்லை. தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்து, நம் நெஞ்சோடு இழுத்து அணைத்து, அப்புறம் மறுபக்கம் சாய்க்க வேண்டும். நான் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, மூன்றில் முடித்து, தலையணையைச் செருகிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவேன். எனக்கு எப்போதும் அவசரம்தான். காலையில் ரயில், மாலையில் சமையல்.

மாலையில் அம்பத்தூரிலிருந்து ரயிலேறி வீடு வந்து சேர ஏழே கால் ஆகும். மாமா ஏழு மணி வேலையை முடித்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் டீ குடிக்கப் போயிருப்பார். நாள் முழுக்க வீட்டோடு கிடக்கிற மனிதருக்கு அது ஒன்றுதான் வெளிக்காற்று. சில மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும், "மாமா திருப்பினாரா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இல்ல. நீ திருப்பு" என்றார்.

மாமாவின் தாளில் ஏழு மணிக்கு எதிரே டிக் இருந்தது. கையெழுத்தும் இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. வயதானவர், டீக்கடை அவசரத்தில் முன்கூட்டியே டிக் அடித்துவிட்டார் என்று நினைத்து, நானே திருப்பினேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே டிக். ஞாயிற்றுக்கிழமையும் காய்கறி வாங்கிக்கொண்டு அந்த நேரத்துக்குத்தான் திரும்புவேன், அன்றைக்கும் இதேதான். இப்படியே இரண்டு மாதம். மாமாவிடம் நான் வாய் திறக்கவில்லை. மனத்துக்குள் மட்டும் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் அவரைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வலது இடுப்பெலும்பின் மேல் தோல் கறுத்துக் கன்றி, நடுவில் வாய் பிளந்திருந்தது. "ஒரே பக்கம் ரொம்ப நேரம் படுக்கறாரு. திருப்பறீங்களா இல்லையா?" என்று அதட்டினார். இனி வலப்பக்கம் படுக்கவே கூடாது, இடப்பக்கமும் மல்லாந்தும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஹாலுக்கு வந்தேன். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதக் கரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது.

"பார்க்காமலே கையெழுத்துப் போடறதை ஃபேக்டரியிலேயே பழகிட்டீங்களா மாமா?"

முப்பது வருஷத்துக்கு மேல் தன் கையெழுத்தை நம்பி சாமான்களை வெளியே அனுப்பிய மனிதரிடம் இதைக் கேட்டேன். கேட்ட வாயை இன்றைக்கும் சுட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"திருப்பிட்டுதாம்மா போனேன்" என்றார். திறந்திருந்த கதவு வழியாக மகனைப் பார்த்தார். மகன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து அவர் தாளில் ஒரு மாறுதல். ஒவ்வொரு டிக்குக்குப் பக்கத்திலும் 'இடது', 'மல்லாந்து' என்று பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார். என்னைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். புண் ஆழமாகிக்கொண்டே போயிற்று.

அந்த மாதக் கடைசியில்தான் பட்டறையில் ஷாஃப்டின் முறை வந்தது. அடிப் பேரிங் வெளியூரிலிருந்து வந்து சேர நான்கு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஷாஃப்ட் படுத்தேதான் கிடந்தது. சேர்த்துப் பூட்டுவதற்கு முன் அதை ரோலர் மேல் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். வளைவை அளக்கிற டயலின் முள் ஒரு பக்கமாகவே துள்ளியது. பேரிங் இடைவெளியில் பாதியை வளைவே தின்றுவிட்டிருந்தது. திருப்பாமல் டிக் அடித்திருக்கிறான் என்று மேலாளர் முதல் ஷிஃப்ட் பொறுப்பாளரைப் பிடித்துக் கத்தினார். அவர் அம்பத்தூர்க்காரர், நல்ல வேலைக்காரர். என்னிடம் வந்து நின்றார்.

"மேடம், புள்ளைங்க மேல சத்தியம். ஒருநாள் வுடாம டெய்லி காலைல திருப்பிகினு கீறேன். என் கையெழுத்து பொய்யின்னா சொல்றீங்க?"

கண் கலங்கியிருந்தது. மாமாவே வந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. இரண்டாம் ஷிஃப்ட் கோப்பை எடுத்து வரச் சொன்னேன். நான் விதியை எழுதியபோது பட்டறையில் ஒரே ஷிஃப்ட்தான். ஷாஃப்ட் படுத்த நேரத்தில் இரண்டாவது ஷிஃப்டும் தொடங்கியிருந்தார்கள். என் தாளின் நகல் ஒன்று அந்தக் கோப்புக்கும் போயிருக்கிறது. அங்கேயும் தினமும் மாலையில் டிக், கையெழுத்து. காலையில் இவர் அரைச் சுற்று, மாலையில் அவர் அரைச் சுற்று. இரண்டு பேரும் யோக்கியர்கள். இருவரும் யோக்கியமாகத் திருப்பியதால் இரவு முழுக்க, ஞாயிறு முழுக்க, ஷாஃப்ட் ஒரே பக்கமாகவே கிடந்திருக்கிறது. திருப்பினாயா என்று கேட்கத் தாளில் கட்டம் வைத்திருந்தேன். இப்போது எந்தப் பக்கம் கீழே என்று கேட்க ஒரு கட்டம் வைக்கவில்லை. மாமா பொடி எழுத்தில் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தது அந்தக் கட்டத்தைத்தான்.

தவறு என்னுடையது என்று மேலாளருக்கு அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். நிற்கக்கூட இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினேன். ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. ஒன்பது முறை. மாமா ஏழு மணிக்கு உண்மையாகவே திருப்பியிருந்தால், ஏழே காலுக்கு நான் திருப்பியதையும் சேர்த்து நாளுக்குப் பத்து. பத்து இரட்டைப்படை. அப்படியானால் இரண்டு மாதமும் ஒவ்வோர் இரவும் அவர் வலப்பக்கமேதான் படுத்திருக்க வேண்டும்.

படுத்திருந்தார். நான் பார்த்தேன். ஒன்பது மணிக்கு அவரைத் திருப்பி, விளக்கை அணைத்து, என் கட்டிலில் சாய்ந்தால் எதிரே அவர் முகம். நேற்றும் இப்படித்தானே இருந்தது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. சுகமாக இருந்தது, தூங்கிப்போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றேன். ஆள் முன்னால் அவரை 'நீங்க' என்பேன், தனியாக இருந்தால் 'நீ'.

"உண்மையைச் சொல்லு. மாமா ஏழு மணிக்குத் திருப்பினாரா, இல்லையா?"

கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் சொன்னார்.

"திருப்பினாரு. டெய்லி திருப்பினாரு."

"அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்னே?"

"திருப்பும்போதுதான் நீ என்ன கட்டிப் புடிக்கிற. காலைல நான் பாதி தூக்கத்துல கீறேன். ஒம்போது மணிக்கு நீ பாதி தூக்கத்துல கீற. ஏழு மணிதும் கெடைக்கட்டுமேன்னு பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்பால ராத்திரியெல்லாம் உன் பக்கமே பாத்துகினு படுக்கற மாதிரி ஆயிட்சி. எப்டின்னு எனக்குத் தெரியாது, நீதான் இஞ்சினியர். நல்லாத்தான் இருந்துச்சி. புண்ணு வரும்னு சத்தியமா தெரியாது. அங்க எனக்கு ஒண்ணும் தெரிலயே."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "உங்க அப்பாவை நான் என்ன கேட்டேன்னு தெரியுமில்ல? வாயை மூடிக்கிட்டு விட்டத்தைப் பார்த்தியே, மனுஷனா நீ?" என்று கத்தினேன். "சொன்னா ஏழு மணிது பூடுமேன்னு" என்றார் சின்னக் குரலில். அதற்கு மேல் கத்த முடியவில்லை. அவர் மேல் விழுந்து அழுதேன். திருப்புகிற வேலை எதுவும் இல்லாமல் அவரைக் கட்டிக்கொண்டது, விபத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இத்தனை மாதத்தில் ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாமா டீ குடித்துவிட்டு வந்ததும் அவர் காலைத் தொடக் குனிந்தேன். தடுத்துவிட்டார்.

"அவன் இல்லன்னு சொன்னத நானே ஒருநாள் கேட்டேம்மா. படியெறங்க நின்னுகினு இருந்தேன், நீ லிஃப்ட்டுல வந்துட்ட. புள்ள பொண்டாட்டிய கூப்புடறான். நடுவுல பூந்து நான் இன்னா சொல்றது? புண்ணு வரும்னு தெரிஞ்சிருந்தா சொல்லிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே ஏழு மணிக்கு நான் கைவெக்கல. நீயே வந்து திருப்பு."

அப்படியே செய்தோம். ஏழு மணித் திருப்பல் ஏழே காலுக்கு என்னுடையதாயிற்று. மூன்று எண்ணுவதை விட்டுவிட்டேன். திருப்பி முடித்த பிறகும் அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன். "விசிட்டிங் கார்டு போற அளவு கேப்பு வுடு, மூச்சு முட்டுது" என்பார்.

ஆனால் வலப்பக்கம் கூடாது என்பது கூடாதுதான். இரவு முழுக்க இடப்பக்கம் படுக்க வைத்தால் மேற்குச் சுவரைப் பார்த்துத்தான் படுக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும். கஷ்டமாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "செவுரு நல்லாத்தான் கீது. ஒரு பல்லி கீது. உன்ன பத்தி அதுகிட்ட சொல்லிகினு கீறேன்" என்றார். நான் கையை நீட்டி அவர் முதுகில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் கை இருப்பது அவருக்குத் தெரியாது. அதனால் "கை வச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லுவேன். "சரி" என்பார்.

ஏழு வாரம் அப்படிப் போயிற்று. புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பத்து நாள் வைத்திருந்தார்கள். ஒரு விடியற்காலையில் போய்விட்டார். பட்டறையில் அந்த ஷாஃப்டை ஒதுக்கிவிட்டு வேறொன்று செய்தார்கள். எங்கள் வழக்கப்படி, தண்ணீரே ஆகாத அந்தப் பம்பை முதலில் தண்ணீரில்தான் ஓட்டிப் பார்த்தார்கள். சூடான சோடியம் ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான் ஓடும் என்பதால் அப்படி. நன்றாக ஓடியது என்று முதல் ஷிஃப்ட் பொறுப்பாளர் போனில் சொன்னார். நல்லது என்றேன். சந்தோஷம் ஒன்றும் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு கட்டிலைத் திருப்பி எடுத்துப் போகக் கரையான்சாவடியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைமாட்டுப் பக்கம் அகலம், அறை வாசலில் இடித்தது. "அண்ணாத்தே, இப்டி வராது, திருப்பிக்க" என்றார் ஒருவர். இருவரும் கட்டிலை அறைக்கு நடுவில் வைத்து அரைச் சுற்று திருப்பினார்கள். தலைமாடு வடக்கே வந்தது. ஒருவருக்கு மூச்சு வாங்கியது போலிருக்கிறது, அப்படியே ஒரு நிமிஷம் தரையில் இறக்கி வைத்தார்கள்.

நான் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வடக்கே தலை வைத்து அவர் அதில் இடப்பக்கமாகப் படுத்திருந்தால் முகம் கிழக்கே இருக்கும். என்னைப் பார்த்து இருக்கும். புண்ணும் அழுந்தாது.

வாசலில் மாமா நின்றிருந்தார். அவரும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்‌ஷன்காரர், அவருக்கும் தெரிந்துவிட்டது.

"நான்தாம்மா வடக்கால கூடாதுன்னேன்" என்றார்.

"எனக்கும் தோணலையே மாமா" என்றேன்.

அந்த இருவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.